குங்கிலியம் பூசிய வார்

அடுத்த வளவில் அடி விழும் நாட்களில் நான் வானொலியின் ஒலியைக் கூட்டுவேன். இதை முதலிலேயே எழுதிவிடுவதுதான் நேர்மை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றபின், தண்ணீரூற்று என்ற ஊரில் தனியாக வாழ்ந்து, பழைய உரைநூல்களைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு, வேலிக்கப்பால் ஒரு பெண்ணின் முதுகில் விழும் அடியை மறைக்க வேறு வழி தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவுமில்லை.

கையடிக்கு ஓர் ஓசை, தடியடிக்கு ஓர் ஓசை, வாரடிக்கு ஓர் ஓசை உண்டு. மூன்றாண்டு அயலிருப்பில் மூன்றையும் பிரித்தறியும் பயிற்சி எனக்கு வாய்த்திருந்தது. கையடியின்போது அவள் குரல் உடனே எழும். தடியடியின்போது முதலில் ஓடும் காலடி கேட்கும். வாரடியின்போது சிறிது நேரம் ஒன்றும் கேட்காது. பின்பு, தொண்டையிலிருந்தன்றி வயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல் வரும். அவள் கணவன் நெல் ஆலையொன்றில் இயந்திரம் பார்ப்பவன். ஆலையின் பெருஞ்சில்லுகளைச் சுழற்றும் நீண்ட வார் தேய்ந்து அறுந்தபோது, அதில் ஒரு முழத் துண்டை வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். அது அவர்கள் குசினிக் கதவின் பின்னால் ஓர் ஆணியில் தொங்கியது. நான் கண்டிருக்கிறேன்.

அவனை ஊரில் எவரும் கெட்டவன் என்று சொன்னதில்லை. கிணற்றுப் பம்பி நின்றுவிட்டால் அழைத்தவுடன் வருவான். மரண வீட்டில் இரண்டு நாள் உறங்காமல் நின்று வேலை செய்வான். என்னைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கி நடப்பான். சென்ற ஆவணியில் அவள் முகம் வீங்கியபடி தன் தாய்மாமனிடம் போய்விட்டபோது, அயலவர் கூடி அவளைத் திருப்பி அழைத்து வந்தோம். அந்தக் கூட்டத்தில் மூத்தவள் என்ற முறையில் இறுதியாகப் பேசியவள் நான். இல்லறத்தில் பொறையின் சிறப்பைப் பற்றிச் சொற்குற்றமில்லாமல் பேசினேன். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தான்.

என் ஸ்கூட்டர் மாசி மாதத்திலிருந்தே சரியாக ஓடவில்லை. கைப்பிடியை முறுக்கினால் இயந்திரம் இரையும், வண்டி நகராது. மேட்டில் ஏறும்போது நடப்பவர்கள் என்னை முந்திப் போனார்கள். அதை வேலியோரம் நின்று பார்த்த அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தானே வந்தான்.

"ரீச்சர், உங்கடை ஸ்கூட்டியின்ரை பெல்ற் வழுக்குது. கராஜுக்குக் கொண்டுபோனால் புதுசு போடவேணுமெண்டு நிப்பாங்கள். நான் மில்லிலை செய்யிற மாதிரிச் செய்துவிடுறன்."

"மில்லில் என்ன செய்வீர்கள், தம்பி?"

"குங்கிலியத்தை இடிச்சுத் தூவுவம். பிறகு பாருங்கோ, உடும்புப் பிடிதான்."

இயந்திரத்தின் இடப்பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே இரண்டு சில்லுகளைச் சுற்றிக் கறுத்த வாரொன்று கிடந்தது. காகிதச் சுருளிலிருந்து மஞ்சட் பொடியை அதன் இருபுறமும் தூவி, விரலால் தேய்த்து, மூடியை மீண்டும் பூட்டினான். வண்டி முறுக்கிய கணத்திலேயே பாய்ந்தது. நான் மகிழ்ந்தேன். அவனை இருத்திப் பாற்சோறும் வாழைப்பழமும் கொடுத்தேன். அதற்கு முந்திய நாள் மாலை வானொலியை நான் கூட்டியிருந்தேன். பொடி தேய்த்த அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் உண்ணும்படி உபசரித்தேன்.

சித்திரை முதற்கிழமையில், அவன் ஆலைக்குப் போய்க் கால்மணி நேரத்தில், அவள் வேலிப்பொட்டு வழியாக நுழைந்து என் முற்றத்துக்கு வந்தாள். இடக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் கத்தரிக்காய் நிறத்தில் பருத்திருந்தன. ஒரு பக்கக் காதிலிருந்து இரத்தம் வடிந்து காய்ந்திருந்தது.

"ரீச்சர், நான் போகவேணும்."

"எங்கே பிள்ளை?"

"புளியங்குளத்துக்கு, அக்கா வீட்டை. அத்தானும் அவரின்ரை தம்பிமாரும் நிக்கினம். அங்கை வந்து இவர் கைவைக்க மாட்டார்." பிறகு மிகச் சாதாரணமான குரலில் சொன்னாள்: "பின்னேரம் வந்து மிச்சத்தை முடிக்கிறன் எண்டிட்டுப் போறார். இண்டைக்கு நிண்டால் நான் செத்துப்போவன், ரீச்சர்."

பேருந்தில் போக முடியாது. நடத்துநர்கள் அனைவரும் அவனுக்குப் பழக்கம். தாய்மாமன் முன்பே ஒருமுறை அவளைத் திருப்பி ஒப்படைத்தவர். என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. அன்று நான் பொறையைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவளுக்கு என் பழைய தலைக்கவசத்தை மாட்டி, துணிப்பை ஒன்றை முன்னே வைத்து, ஆறரை மணிக்கு ஒட்டுசுட்டான் வீதியில் வண்டியைச் செலுத்தினேன்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காடு வீதியின் இருமருங்கிலும் நெருங்கி வருகிறது. அங்கே ஒரு பாலை மரத்தடியில் பிள்ளையாராக ஒரு கல் இருக்கிறது. அவ்வழியே செல்வோர் எவராயினும் வண்டியை நிறுத்தி, அருகில் உள்ள செடியில் ஒரு குழையை முறித்து அக்கல்லின் முன் வைத்துவிட்டே காட்டைக் கடப்பர். நாற்பது ஆண்டுகளாக நான் அதைச் செய்யாமல் அவ்விடத்தைத் தாண்டியதில்லை. அன்று நிற்காமல் போயிருக்க வேண்டும். என் கை தானாகவே தடையை அழுத்திற்று. அவளும் மறுபேச்சின்றி இறங்கி, நல்ல கையால் ஒரு குழையை முறித்தாள்.

குழையை வைத்து நிமிர்ந்தபோது எதிர்த்திசையிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய லொறியொன்று வந்து நின்றது. சாரதியும் குழை வைக்கவே இறங்கினான். எங்கள் ஊரவன், என்னிடம் படித்தவன்.

"என்ன ரீச்சர், விடியக் காத்தாலை சோடியா வெளிக்கிட்டாச்சு? எங்கை பயணம்?"

"புளியங்குளத்துக்கு" என்றேன்.

கேட்டவருக்குக் கேட்டதற்கு விடை சொல்லிப் பழகிய வாய். அவள் பின்னாலிருந்து என் முதுகைக் கிள்ளியபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது.

"தங்கச்சி, கையிலை என்ன?"

"கதவுக்கை நசிஞ்சு போச்சு, அண்ணை."

அவன் ஒரு குழையை முறித்து வைத்துவிட்டு வண்டியில் ஏறினான். லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர், உந்த நெல் இவரின்ரை மில்லுக்குத்தான் போகுது."

வண்டியை இயன்ற மட்டும் விரைவாக ஓட்டினேன். எண்பதுக்குப் பக்கத்தில் முள் ஆடியது. என் வாழ்நாளில் அவ்வளவு விரைவை நான் கண்டதில்லை. சிறிது தூரம் போனதும் காட்டுக்காற்றில் ஒரு மணம் எழுந்தது. பூசைவேளையில் தணலிலிருந்து எழும் புகையின் மணம். அவள் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, "கோயில் மணம் வருது, ரீச்சர். பிள்ளையார் எங்களோடைதான் வாறார்" என்றாள். எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. கல்விகற்ற நான் அந்த மணம் எங்கிருந்து வருகிறதென்று ஒருகணமும் ஆராயவில்லை. என் காலடியில், மூடிக்குள், குங்கிலியம் உருகி எரிந்துகொண்டிருந்தது.

பிறகு சாட்டையைச் சொடுக்கியதுபோல் ஒரு வெடிப்பு. வண்டிக்குள் ஏதோவொன்று மூடியை உட்புறமாக நான்கைந்து முறை அறைந்தது. அவள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு இருக்கையிலேயே சுருண்டாள். நான் கைப்பிடியை முறுக்க முறுக்க இயந்திரம் அலறியது, சில்லு சுழலவில்லை. வண்டி தன்பாட்டில் உருண்டு, காட்டின் நடுவே நின்றது.

அரைமணி நேரம் தள்ளினோம். அதன்பின் பெட்டி பூட்டிய சிறு உழவு இயந்திரம் ஒன்றில் வந்த கமக்காரர் எங்களைக் கண்டு நிறுத்தினார். "ஏறுங்கோ அம்மா, இது யானை குறுக்கறுக்கிற இடம்" என்று மட்டும் சொல்லி, ஸ்கூட்டரைத் தனியாளாகத் தூக்கிப் பெட்டியில் போட்டார். நெடுங்கேணிக்குச் சற்று முன்னால், தகரக் கொட்டகையில் இருந்த ஒரு வண்டித் திருத்தகத்தில் எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

அத்திருத்தகத்தை நடத்தியவருக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவர் இங்கேயே பிறந்தவராயினும் பேச்சில் தோட்டத்து ஓசை போகவில்லை. மூடியின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"என்னாங்க டீச்சர்மா இது? பெல்ட்டா, கல்லுல ஒட்டிக்கிட்ட ரொட்டியா?"

வார் நாராகக் கிழிந்து, பின்சில்லின் அச்சைச் சுற்றி இறுகிக் கிடந்தது. குறட்டினால் அதைக் கோழிக்குடலை உருவுவதுபோல உருவி உருவி நிலத்தில் போட்டார். ஒரு துண்டு மட்டும் அறாமல், முக்கால் முழ நீளத்தில், தடித்த தோல்போல மிஞ்சியது. அதை முகர்ந்து பார்த்தார்.

"குங்கிலியம். யாரு இந்த வைத்தியம் பாத்தது?"

"அயல்வீட்டுக்காரர். நெல் ஆலையில் வேலை."

"அதானே பாத்தேன். மில்லு பெல்ட்டு ஒரே எடத்துல கெடந்து சுத்துறதுங்க. அதுக்கு இது சரி. இந்த வண்டியில பெல்ட்டு ஓட ஓட மேல ஏறணும், கீழ எறங்கணும். அசைய விடாம ஒட்டி வெச்சா சூடேறி அறுந்துதான் போகும்."

"என்ரை மனுசன்தான் பூசினவர்" என்றாள் அவள்.

அவர் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். காதைப் பார்த்தார்; விரல்களைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "எவ்வளவு நேரம் இருக்கு?" என்று என்னைக் கேட்டார். யார் துரத்தி வருகிறார்கள் என்று கேட்கவில்லை.

"தெரியாது. ஒரு மணித்தியாலம் இருக்கலாம்."

"புது பெல்ட்டு இருக்கு. இந்தப் பக்கம் டீச்சர்மாருங்க எல்லாம் இந்த வண்டிதான் ஓட்டுறாங்க. ஆனா இந்த நட்டு ரெண்டும் கழலணுமே."

முன்சில்லின் நட்டு கழன்றது. பின்சில்லின் நட்டு உருகிய குங்கிலியத்தில் இறுகியிருந்தது. ஸ்பானரின் பிடியில், பழைய சைக்கிள் சட்டத்திலிருந்து அறுத்த ஒரு முழ நீள இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் தம் முழுப் பாரத்தையும் போட்டார். சில்லு முழுவதுமே சுழன்றதே தவிர நட்டு அசையவில்லை.

"தங்கச்சி, அந்தப் பின்பிரேக்க இறுக்கிப் புடிங்க. சில்லு சுத்தாம இருந்தாத்தான் இது கழலும்."

பின்தடையின் பிடி இடக்கைப் பக்கம். அவள் வலக்கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடித்தாள், வலு போதவில்லை. பிறகு வீங்கிய இடக்கையையும் அதன்மேல் வைத்து, இரு கைகளாலும் நெரித்தாள். கண்களிலிருந்து நீர் வழிந்தது. நான் விலகச் சொன்னேன். "விடுங்கோ ரீச்சர்" என்றாள் பற்களைக் கடித்தபடி. அவர் குழாயின்மேல் ஏறிக் குதித்தார். நட்டு ஒரு கீச்சொலியோடு கழன்றது. அவள் சிரித்தாள். அம்மூன்றாண்டுகளில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

இரு சில்லுகளையும் பெற்றோலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, உலர்த்தினார். புதிய வாரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பி, பின்சில்லின் இரு தட்டுகளையும் நெகிழ்த்தி வாரை உள்ளே அழுத்தி, முன்சில்லில் ஏற்றினார். "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றார். அப்போது மோட்டார் சைக்கிள் ஒன்றின் இரைச்சல் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து கேட்டது. அவள் முகம் வெளிறியதைக் கண்டு, நான் திரும்பிப் பாராமலே வருவது யாரென்று அறிந்தேன்.

வண்டி நின்றும் நில்லாமலும் இருக்க அவன் குதித்தான். வண்டி சரிந்து விழுந்தது.

"எடியேய்! ஊருக்கெல்லாம் பறைதட்டிக்கொண்டு ஓடுறியோ?"

மூன்று எட்டில் அவளை அடைந்து, பின்னலைப் பிடித்து, கையில் இருமுறை சுற்றினான். அவள் நிலத்தில் விழுந்தாள், அப்படியே இழுத்தான். பெற்றோல் இருந்த தட்டம் கவிழ்ந்து அவள் மேல் கொட்டிற்று. திருத்துநர் எழுந்து குறுக்கே நின்றார்.

"அண்ணே, விடுங்க. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

"நீ ஆரடா? தோட்டக்காட்டான்! எங்கடை வீட்டுக் கதையிலை உனக்கென்னடா வேலை?"

அச்சொல்லை நான் பள்ளிக்கூட முற்றத்திலும் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். அவரும் கேட்டுப் பழகியவர்போல அசையாமல் நின்றார்.

"வீட்டுக் கதைய வீட்டுல வெச்சுக்கங்க. இது என் கடை. இங்க பொம்பளைய அடிக்க விடமாட்டேன்."

அவன் அவர் வயிற்றில் உதைத்தான். அவர் கருவிப்பெட்டியின் மேல் மல்லாந்து விழுந்தார். பின்தலை பெட்டியின் விளிம்பில் பட்டு இரத்தம் பீறியது. அவன் குனிந்து, நிலத்தில் கிடந்த அறுந்த வாரின் தடித்த துண்டை எடுத்தான். அவன் கைக்கு அது எவ்வளவு பழக்கமான பொருள் என்பதை அவன் அதைச் சுற்றிப் பிடித்த விதத்தில் கண்டேன். முதல் அடி அவள் கழுத்தில் விழுந்தது. இரண்டாவது முகத்தில், மூன்றாவது தோளில். நான் வேலிக்கு இப்பால் இருந்து கேட்டுவந்த ஓசையை அன்று கண்ணால் பார்த்தேன். அடி விழுந்ததும் தோல் முதலில் வெளிறி, பிறகே சிவந்து, பிறகே பிளந்தது. குரல் எழாத அந்தச் சிறுபொழுதில் அவள் என்ன செய்கிறாள் என்பதும் தெரிந்தது. மூச்சை உள்ளே இழுத்து, அதை வெளியே விட முடியாமல், வாயைத் திறந்தபடி கிடக்கிறாள்.

"தம்பி, கையை எடு" என்றேன்.

"ரீச்சர், உங்களுக்கு மரியாதை தாறன். விலத்தி நில்லுங்கோ."

அவன் குரலில் உண்மையிலேயே மரியாதை இருந்தது. அதுதான் என்னைக் குலைத்தது என்று இப்போது எண்ணுகிறேன். அவள் ஒருத்தியின் மேல் இத்தனையும் செய்துகொண்டே என்னை மரியாதையாக விலகச் சொல்ல அவனுக்கு முடிந்தது. அவ்வாறே மூன்றாண்டுகளாக நானும் மரியாதையாக விலகி நின்றிருந்தேன்.

ஸ்பானரில் செருகியிருந்த இரும்புக் குழாய் என் கையில் எப்படி வந்ததென்று எனக்கு நினைவில்லை. அதன் கனம் நினைவிருக்கிறது. நான்காவது அடிக்காக அவன் ஓங்கிய கையின் மேல் அதை இறக்கினேன். எலும்பு முறியும் ஓசை பெரியதன்று. காய்ந்த பூவரசங் கொம்பை முழந்தாளில் வைத்து ஒடித்தாற்போன்றது. வார் அவன் கையிலிருந்து நழுவியது. அவன் என்னைப் பார்த்தான். வியப்பைத் தவிர அம்முகத்தில் வேறொன்றும் அப்போது இல்லை. "ரீச்சர்?" என்றான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவளைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது, அவன் முழந்தாளிட்டுவிட்டான், காரியம் முடிந்துவிட்டது. இதை எழுதும்போது, முதலடியைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இரண்டாவது அடியை அவன் தோளில் இறக்கினேன். அது அவளுக்காக அன்று. மூன்றாவதை முதுகில், முழு வலுவோடு இறக்கினேன். அவன் முகங்குப்புற விழுந்து மண்ணைக் கவ்வினான். நான் கத்திக்கொண்டிருந்தேன். எழுபதை நெருங்கும் வயதுவரை என் வாயால் ஒருபோதும் சொல்லாத சொற்கள், எங்கே கற்றேன் என்றே அறியாத சொற்கள், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வோர் அடியிலும் என் உடம்பு இளமையாயிற்று. அச்சத்தில் அடித்தேன் என்று இங்கே எழுதினால் படிப்பவர் நம்பக்கூடும். ஆனால் எனக்கு அச்சம் இருக்கவில்லை. இனித்தது.

நான்காம் முறை ஓங்கியபோது குழாயின் மறுமுனையைத் திருத்துநர் பற்றிக்கொண்டார். அவருடைய கழுத்து இரத்தத்தில் நனைந்திருந்தது.

"டீச்சர்மா! போதும், போதும். செத்துருவான். விடுங்க."

விட எனக்கு மனம் வரவில்லை. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அப்போதுதான் அவள் கூச்சல் என் செவியில் விழுந்தது. நெடுநேரமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். "அடியாதேங்கோ! ரீச்சர், அடியாதேங்கோ!"

அவன் சிறுபிள்ளைபோல அழுதான். "என்ரை கை, என்ரை கை" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. திருத்துநர் வீதிக்கு ஓடி, எதிர்க்கடையில் நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டார். பிறகு, தம்மை உதைத்தவனின் கைக்கு, வெட்டிய அட்டைப்பெட்டித் துண்டுகளை வைத்து, பழைய சைக்கிள் ரியூப் இறப்பரால் சுற்றிக் கட்டினார். அவள் அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்த மண்ணைத் தன் சால்வை நுனியால் துடைத்தாள். அவளுடைய கன்னத்துப் பிளவிலிருந்து இரத்தம் சொட்டி அவன் நெற்றியில் விழுந்தது, அதையும் துடைத்தாள். இதோ, இவள் திரும்பிப் போகப்போகிறாள், எல்லாம் வீண் என்று எண்ணினேன்.

ஓட்டோவில் அவனை ஏற்றினார்கள். அவன் நல்ல கையை வெளியே நீட்டினான்.

"ஏறனப்பா. ஆசுப்பத்திரியிலை ஆர் என்னோடை நிக்கிறது?"

அக்குரலில் அவன் அவளோடு பேசி நான் கேட்டதேயில்லை. அவளும் கேட்டிருப்பாளோ தெரியாது. ஓட்டோவின் கம்பியை அவள் பிடித்தாள். சாரதி இயந்திரத்தை இயக்கிவிட்டு அவளைப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"மாட்டன்" என்றாள். "நீங்கள் போங்கோ. உங்கடை அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கோ, வந்து நிப்பா. நான் இனி வரமாட்டன்."

கம்பியிலிருந்து கையை எடுத்தாள். ஓட்டோ போயிற்று. அவள் வீதியோரத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்தாள்.

திருத்துநர் தம் தலையில் ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஸ்கூட்டரின் முன்னால் அமர்ந்தார். அதே குழாயை ஸ்பானரில் செருகி, இரு நட்டுகளையும் இறுக்கினார். மூடியின் திருகாணிகளில் இரண்டு தகராறில் எங்கோ சிதறிவிட்டன, இருந்தவற்றைப் பூட்டினார். பின்சில்லை உயர்த்தி இயக்கிப் பார்த்தார். புதிய வார் ஓசையின்றி ஓடியது. "முதல்ல அம்பதுக்கு மேல போகாதீங்க" என்றார். "புது பெல்ட்டு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகும்." அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் நன்றி கூறியபோது, "பத்திரமா போய்ட்டு வாங்க" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

இதன் பின்விளைவாக என்மேல் வழக்கேதும் வரவில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததாக அவன் வைத்தியசாலையில் கூறினானாம். ஒரு முதியவளிடம் அடிபட்டேன் என்று சொல்ல அவனால் முடிந்திருக்காது. அவன் கை சற்றே கோணலாகப் பொருந்திற்று. இன்றும் அடுத்த வளவில்தான் இருக்கிறான், இப்போது தாயோடு. வீதியில் எதிர்ப்பட்டால் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறோம்.

அன்று நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம் வரை அவள் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பற்றிக்கொண்டு, இருக்கையின் கடைசி விளிம்பில் ஒட்டியிருந்தாள். வண்டி குழியில் ஏறி இறங்கியபோதும் என்மேல் படவில்லை. வலியினால் என்று நினைத்தேன். வண்டி நாற்பதில் ஊர்ந்தது.

அக்காவின் வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே, ஒரு வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. படலையைத் திறந்த அக்கா தங்கையின் முகத்தைக் கண்டு, "ஐயோ, என்ரை பிள்ளை" என்று வாயில் அடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து அத்தானும் இரண்டு இளைஞர்களும் வெளியே வந்தார்கள். இளைஞர்களில் ஒருவன் போய்ப் படலையைச் சாத்திக் கொளுவினான். அவள் படலைக்கு உள்ளே நின்றாள். எதற்காகப் புறப்பட்டோமோ அது நிறைவேறிவிட்டது. கண் கலங்கியது.

அவள் முன்தலையில் பெற்றோலும் மண்ணும் சேர்ந்து, வாரிலிருந்து உதிர்ந்த ஒரு கரிய நார் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடுவதற்காகக் கையை உயர்த்தினேன்.

அவள் இரண்டு முழங்கைகளையும் தலைக்கு மேல் கவித்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள், வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, எனக்கும் அவளுக்கும் இடையில் வந்து நின்று, "ரீச்சர், நீங்கள் அந்தக் கதிரையிலை இருங்கோ. தேத்தண்ணி போடுறன்" என்று மெதுவாகச் சொல்லி, தங்கையைத் தன் உடம்பால் மறைத்தபடி உள்ளே அழைத்துச் சென்றாள்.